படத்தில் தெரிந்த முத்து

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. 'அம்மா எழுந்து நடக்கட்டும், அதற்குப் பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் அவசரமில்லை' என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "பையனுக்கு எம்புட்டுப் பாசம் பாத்தியாளா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எழுந்து நடக்கப் போவதில்லை மகனே. இதை உனக்கு உன் அப்பா எழுதவில்லை, எழுதவும் மாட்டார். அதனால் நானே எழுதுகிறேன். பம்பாயில் கப்பல் பட்டறையில் இரும்போடு கிடக்கிறவன் நீ. எந்தத் தகட்டை ஒட்டலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

கையெழுத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிடாதே. இந்த நோய் விரலை விட்டுவிட்டுத் தோளைத் தின்கிறது, பாதத்தை விட்டுவிட்டுத் தொடையைத் தின்கிறது. உன் அப்பா காலையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் கையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் கயிறு கட்டப் போய்விடுவார். வைத்த இடத்தில் கை கிடக்கும். எழுத எழுத, விரல் நுனியால் காகிதத்தைத்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் தாளைத் திருப்பக் கூலி இல்லாத வேலைக்காரியாகப் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள். மதியத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். ஆகவே இந்தக் கடிதம் பல நாள் எழுதியது. நடுவில் கோபம் கூடியும் குறைந்தும் இருந்தால் அது வேறு வேறு நாள் என்று வைத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பாஸ்கு வரை நான் இருப்பேனா என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். அதுதான் பதில். இடையில் நான் போய்விட்டால் உன் பெரிய அத்தை வருசத் துக்கம் கழியாமல் பந்தல் போடக்கூடாது என்று வாசலில் உட்கார்ந்துகொள்வாள். உன் அப்பாவுக்கு அவருடைய அக்காள் சொல்தான் வேதம். உனக்கென்று பேசி வைத்திருக்கிற பிலோமி ஏற்கனவே உனக்காகக் காத்திருந்தாள், நீ வேலை நிரந்தரம் ஆகட்டும் என்றாய். பிறகும் காத்திருந்தாள், இப்போது அம்மா எழும்பட்டும் என்கிறாய். அவள் வீட்டில் ஏரல் பக்கம் வேறு இடம் பேசத் தொடங்கிவிட்டார்கள். என் உயிர் போவதற்குள் உன் கல்யாணம் முடிய வேண்டும். எனக்கு வேறு ஆசை மிச்சமில்லை. பிழைக்க வேண்டும் என்கிற ஆசைகூட எங்கேயோ பாதி வழியில் நின்றுவிட்டது.

இது எப்படித் தொடங்கியது என்று நீ கேட்டதே இல்லை. பூசையில் முழங்காலில் இருந்து எழும்பும்போது முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டால்தான் எழும்ப முடிந்தது. வயசு ஆகிறது என்று நினைத்தேன். அப்புறம் கொடியில் துணி போடக் கை எட்டவில்லை. உன் அப்பாவிடம் கொடியைத் தாழக் கட்டச் சொன்னேன். கட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அதுவும் எட்டவில்லை, இன்னும் தாழ்த்தினார். "இப்பிடியே போனா துணிய மணல்லதான் காயப்போடணும்" என்று அவர் சிரிக்க, நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணிமை இரண்டும் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கின. விரல் முட்டிகளில் செதில் செதிலாகச் சிவப்பு ஏறியது. நம் தெரு டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார், உப்புக்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். புன்னைக்காயலில் பிறந்து, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு, உப்புக்காற்றிலேயே உன்னையும் பெற்றவளுக்கு உப்புக்காற்று ஆகாதாம். அவர் சொன்னதை நம்பி ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு வேர்வையில் கிடந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

பிறகு தொண்டையில் வந்தது. நம் கோயிலில் எத்தனையோ வருசம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் நான். புது நன்மை எடுக்க, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிற வாண்டுகளை வரிசையாக நிறுத்தி, 'நன்மையைப் பல்லில் படவிடக் கூடாது, மெல்லக் கூடாது, நாக்கில் வைத்ததும் அப்படியே விழுங்க வேண்டும்' என்று வெறும் அப்பத்துண்டை வைத்துப் பழக்குவேன். உனக்கும் நான்தான் பழக்கினேன். நீ அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று விரலை விட்டுத் தோண்ட, முதுகில் ஒன்று வைத்தேன். ஆண்டவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முழங்காலில் இருந்து நாக்கை நீட்டினேன், சாமியார் நன்மையை வைத்தார், நான் விழுங்கினேன், அது இறங்கவில்லை. இன்னொரு முறை விழுங்கினேன். இருமல் வந்தது, கையால் வாயைப் பொத்த நினைத்தேன், கை எழவில்லை. நன்மை தரையில் விழுந்தது. சாமியார் குனிந்து அதை எடுத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அந்த இடத்தைக் கழுவினார். அத்தனை சனமும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை, அவ்வளவு அமைதி. நான் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சைப் பிடித்துப் பிடித்து என் இடத்துக்கு வந்தேன். அடுத்த ஞாயிறும் அதுவே நடந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நன்மை இறங்காத தொண்டை பாவம் அடைத்த தொண்டை என்று நம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன பாவம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு உன் பெரிய அத்தை அவல் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது நீ சின்னப் பையன். உன் அப்பா குளிக்கப் போனார், நானும் உன் பெரிய அத்தையும் சிப்பி வாங்கின வியாபாரியின் கொட்டகையில் அழுகின சிப்பியைக் கழுவுகிற வேலைக்குப் போனோம். அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. கழுவுகிற பெண்கள் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம், முத்தை விழுங்கிவிடுவார்களாம். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அந்த நாற்றம் தாங்காமல் மடியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உன் பெரிய அத்தை பார்த்துவிட்டாள். அப்போது எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தங்காமல் போனபோதும் சொல்லவில்லை. அடுத்த வருசம், உன் அப்பா மூச்சை அடக்கிச் சங்கு எடுத்த காசில் நம் வீட்டுக்கு ஓடு போட்டோமே, அப்போதிருந்து அந்தச் சந்தேகத்தை மனசில் வைத்திருந்தாள். இப்போது சொன்னாள்: "அன்னைக்கி கொட்டகையில முழுங்குனது தொண்டையில நிக்கி. திருட்டு முத்து நன்மைய இறங்க விடுமா?"

கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விழுங்கின முத்து எந்த வழியாக, எப்போது வெளியே வரும் என்று இந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அது இத்தனை வருசம் தொண்டையில் யாருக்காகக் காத்திருக்கும்? ஆனால் சிரித்தவள் நான் ஒருத்திதான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லாம விட்டது ஏதும் உண்டா அம்மா?" என்றார். நல்ல மனுசர்தான், மென்மையாகத்தான் கேட்டார். அந்த மென்மைதான் என்னைக் கொன்றது. அன்றிலிருந்து நன்மைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மறுபடி தரையில் விழுந்தால் என்ன செய்வது என்று பயந்துதான் நிறுத்தினேன். ஊர் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டது. வீட்டில் கஞ்சி குடித்தால் மூக்கு வழியாக வந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். உடம்பு கரைந்தது, குரல் மூக்கால் பேசுகிறவள் மாதிரி ஆயிற்று, உன் அப்பாவிடம் 'ஜலதோசம்' என்றேன். அப்போதே மதுரைக்குப் போயிருந்தால் தசை இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகனே, உன் உடம்பில் ஒன்று கோளாறு என்றால் தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல். மறைக்காதே. உன் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டால் அந்தக் கதவை உடை.

உன் அப்பாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஒரு ஞாயிறு மத்தியானம், மீன் குழம்பை அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நான் ஒருத்தருட்டயும் சொல்ல மாட்டேன். மாதா மேல சத்தியம். அன்னைக்கி எதையும் முழுங்குனியாளா?" அந்த மனுசருக்குக் கோபத்தில் கேட்கத் தெரிந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டார். ஒத்துக்கொண்டால் சேர்ந்து பரிகாரம் செய்யலாம் என்று நினைத்தார். இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்தவர். அதற்கு மறுவாரம் கஞ்சி புரையேறி என் உதடு நீலமாகிக் கீழே விழுந்தேன். அதற்கப்புறம்தான் மதுரைக்குப் பஸ் ஏறினோம். பஸ் படியில் என்னை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள், பாஞ்சாலங்குறிச்சி விலக்கு வருவதற்குள் அவர் தோளில் தூங்கிவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் தொடை, புஜம், மார்பு எல்லாவற்றையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு இருட்டு அறைக்குள் கொண்டுபோனார்கள். டாக்டர் இருட்டுக்குக் கண் பழக வேண்டும் என்று சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னமே உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தைக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். நான் அதை விழுங்கும்போது, அது தொண்டைக்குள் போகிற வழியைப் படமாகப் பார்ப்பார்களாம். "கொஞ்சமா வாயில வச்சு, நான் சொல்லும்போது முழுங்குங்கம்மா" என்றார் டாக்டர். விழுங்கினேன். "இன்னொரு தடவை." விழுங்கினேன். "போதும், போதும், நிறுத்துங்க!" என்று அவர் கத்தினார். எனக்கு ஒரே இருமல். அந்த இருட்டில், எதுவும் தெரியாத அந்த நேரத்தில், எனக்கு முதல்முறையாக ஒரு ஆறுதல் வந்தது. நான் விழுங்கப் பாடுபடுகிறேன் என்பதை இன்னொரு மனுசர் கண்ணால் பார்த்துவிட்டார் அல்லவா?

மறுநாள் விளக்குப் பெட்டியில் படங்களை மாட்டி எங்களுக்குக் காட்டினார். உன் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "டாக்டரய்யா, உள்ள முத்து ஏதும் தெரியுதுங்களா?" என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. உன் அப்பா விளக்கிச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "முத்தும் இல்லை, கல்லும் இல்லை. நீங்க குடிச்ச மருந்து பாருங்க, இந்த ரெண்டு பக்கக் குழியிலயும் தேங்கி நிக்குது. கொஞ்சம் மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பாக்குது. தொண்டையிலயும் தசைதான் இருக்கு. அந்தத் தசைக்குப் பிடிச்சுத் தள்ளப் பலம் இல்லை. அவ்வளவுதான். வழியில அடைப்பு எதுவும் இல்லை." அடுத்து தொடைப் படம். எலும்பு சுத்தமாக இருந்தது. எலும்புக்கு வெளியே, ஒன்றும் தெரியக்கூடாத சதைப் பகுதியில், வெள்ளை வெள்ளையாக மணிகள். "உடம்பு தன் தசையைத் தானே பகையா நினைச்சுப் புண்ணாக்குற நோய் இது. அழற்சின்னு சொல்லுவோம். புண்ணாகி ஆறின இடத்துல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. படம் தசையைக் காட்டாது, தசை செத்த தடத்தைத்தான் காட்டும். எதுக்கும் ஒரு துண்டு எடுத்துப் பாத்துருவோம்" என்றார். தொடையில் இருந்து ஒரு துண்டு சதை எடுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரியென்று வந்தது.

கடைசியில் மார்புப் படம். இரண்டு நுரையீரலுக்கும் அடியில் பழைய வலையைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது. "இது ஆறுமாங்கய்யா?" என்று உன் அப்பா கேட்டார். "மாத்திரை தருவோம்" என்றார் டாக்டர். ஆறும் என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன், உன் அப்பா கவனிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டு என் முகம் பூசணிக்காயாக உப்பியது. கை கொஞ்சம் எழும்பியது, பிறகு விழுந்தது. இப்போது வாசலுக்குக் கேட்கிற மாதிரி பேசினாலே மூச்சு முட்டுகிறது. போன மாதம் மறுபடி எடுத்த படத்தில் அந்த வலை மேலே ஏறியிருக்கிறது. உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறார்கள் மகனே, அதில் ஒரு குறையும் இல்லை. பார்த்ததைச் சரிசெய்யத்தான் ஆளில்லை.

படங்களை ஒரு பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உன் அப்பாவுக்கு ஒரே சந்தோசம். பெண்டாட்டியின் சாவு படத்தில் தெரிந்த நாளில் இவ்வளவு சந்தோசப்பட்ட மனுசரை நீ பார்த்திருக்க மாட்டாய். 'தொண்டையில ஒண்ணுமே இல்ல' என்று தெரு முழுக்கக் காட்டினால் என் பெயரில் இருக்கிற கறை போய்விடும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காளைக் கூப்பிட்டு உறையைப் பிரித்தார். அவர் கைக்கு முதலில் வந்தது தொடைப் படம். உன் பெரிய அத்தை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அன்னா இருக்குல்லா முத்து! ஏலே, இங்கன பாரு, ஒண்ணா ரெண்டா! தொண்டையில இருந்து இறங்கித் தொடையில போய்ச் சேந்திருக்கே!" உன் அப்பா, "அது சுண்ணாம்புக்கா, டாக்டரு சொன்னாரு" என்றார். "முத்து என்னத்தலே? அதும் சுண்ணாம்புதானலே!" என்றாள் அவள். இத்தனை வருசம் முத்துச் சிப்பியோடு வாழ்ந்தவள் சொன்னது, அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை. தெரு முழுக்க வந்து பார்த்தது. ஒரு முத்தைத் தேடினவர்களுக்கு ஒரு கை முத்து கிடைத்தது. சிலர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதைகூட இருந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தபோது நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, எழுதாமல் போகவும் மனமில்லை. நீ அந்தத் தொடைப் படத்தை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தாய். நான் கட்டிலில் படுத்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதின சீட்டை நீ வாசித்தாய், படித்தவன் அல்லவா, புரிந்தது. தலையை ஆட்டினாய். அப்புறம் படத்தைக் கீழே வைக்காமலே, "அம்மா, அந்தக் கொட்டகையில அப்பிடி ஒண்ணும் நடக்கலல்லா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்பாடா" என்றாய். அந்த 'அப்பாடா' இன்னும் என் காதில் கிடக்கிறது. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன், குற்றம்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டாய், அதை என்னால் திருப்பி அனுப்ப முடியாது. ஆனாலும் உன்மேல் இருக்கிற பாசம் அதனால் ஒரு குண்டுமணி குறையவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். உன் பெண்டாட்டி நாளைக்கு உன்னிடம் 'எனக்கு முடியவில்லை' என்றால் படம் கேட்காதே. முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு முடியவில்லை. அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியது டாக்டரின் வேலை, உன் வேலை இல்லை.

பிலோமியை நான் ஏன் இந்த அவசரத்தோடு உனக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறேன் என்றும் சொல்கிறேன். முத்துக்கதை அவள் வீட்டுக்கும் போயிற்று. அவளுடைய அம்மா படத்தைப் பார்த்துவிட்டு காப்பிகூடக் குடிக்காமல் போனாள். மறுநாள் பிலோமி தனியாக வந்தாள். நான் கோபத்தில், "நீயும் பாக்கணுமாளா? அங்கன அலமாரி மேல இருக்கு, எடுத்துப் பாரு" என்றேன். "எனக்கு எதுக்கு மாமி படம்? உங்க தலைய யாரு இப்பிடிச் சிக்கு விழ விட்டது?" என்று கேட்டுவிட்டுச் சீப்பை எடுத்தாள். என் கை தலைக்கு எட்டாது என்பதும், உன் அப்பாவுக்குப் பின்னத் தெரியாது என்பதும் அதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிக்கு எடுக்கிறபோது வலித்தது, நான் அழுதேன், வலியால்தான் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டு மெதுவாக இழுத்தாள். போகும்போது வாசலில் நின்று, "அவரு எப்ப வாராரு மாமி?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பிள்ளையை ஏரலுக்கு அனுப்பிவிட்டு நீ பம்பாயில் உட்கார்ந்து என் உடம்பு தேறுவதற்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கப் போகிறாயா?

முந்தாநாள் சாமியாரை வீட்டுக்கு வரச் சொன்னேன். 'சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு சாமி' என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எம்மவன் கல்யாணத்தக் கோயில்ல மூணு ஞாயிறு அறிவிச்சு ஓலை வாசிக்கணும், வார ஞாயித்துக்கிழமையே முதல் ஓலை" என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உன் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சாகப்போகிறவள் சொன்ன பொய், ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதிப் போடு. லீவு கொடுக்காவிட்டால் சண்டை போடு, அப்படியும் கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ரயிலேறு. இங்கே புதுத் துறைமுகத்தில் இரும்பு ஒட்டத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிறது. உன் பெரிய அத்தையிடமும் சொல்லிவிட்டேன். நான் நடுவில் போய்விட்டாலும் ஓலை நிற்கக்கூடாது, பந்தலைப் பிரிக்கக்கூடாது, வந்த சனத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாப்பாடாகப் போட்டுவிடுங்கள் என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு இப்படித்தான் பேச வருகிறது, அழுது பேசினால் மூச்சு போதவில்லை.

நான் இருந்தால், உன் கல்யாணப் பூசைக்கு என்னை நாற்காலியோடு தூக்கி வருவார்கள். நீயும் பிலோமியும் நன்மை எடுக்கும்போது நான் எழுந்து வர மாட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நீ பார்க்காதே.

ஒரே ஒரு காரியம் இருக்கிறது. மாப்பிள்ளை கோயிலுக்குப் புறப்படும் முன்னால் தாய்க்காரி அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவாளே, அதற்கு என் கை எழாது. நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்கிறார் உன் அப்பா. வேண்டாம் என்றேன், அது அவர் போடுகிற சிலுவையாகிவிடும். நீ என் முன்னால் முழங்காலில் இருந்து, தலையை என் மடிவரை இறக்கு. என் கை அங்கேதான் கிடக்கும். நெற்றியை நீ விரலுக்குக் கொண்டுவந்துவிட்டால் மிச்சத்தை நான் போட்டுவிடுவேன், அவ்வளவு பலம் இன்னும் இருக்கிறது. அதற்குள் நான் போய்விட்டிருந்தால், அதைச் செய்ய உன் பெரிய அத்தை கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். ஒருத்தரையும் தொட விடாதே மகனே. வெறும் நெற்றியோடு கோயிலுக்குப் போ.

உன் அம்மா